இ-ஃபுட்பாலில் எதிரணியின் வியூகத்தைப் படித்து ஆடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கோனாமி நிறுவனத்தின் கால்பந்து வீடியோ விளையாட்டான இ-ஃபுட்பாலில் இந்தோனேசிய அணி 2024ஆம் ஆண்டில் இரண்டு பெரிய பட்டங்களை வென்றது. பிப்ரவரியில் தோகாவில் நடந்த ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) முதலாவது இ-ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஜப்பானையும், டிசம்பரில் ரியாத்தில் நடந்த ஃபிஃபா-இ உலகக் கோப்பையின் கன்சோல் பிரிவு இறுதியில் பிரேசிலையும் அது தோற்கடித்தது. அந்த உயரத்தில் ஆடுபவர்கள் எல்லோருக்குமே விரல்கள் வேகமாகத்தான் இயங்கும். எனவே எதிராளி எந்த வழியாகக் கோலுக்கு வர விரும்புகிறார் என்பதை முன்னதாகக் கண்டுகொள்பவரின் பக்கமே ஆட்டம் சாய்கிறது. புதியவர்கள் பலரும் நட்சத்திர வீரர்களின் அட்டைகளைச் சேர்ப்பதிலேயே மாதக்கணக்கில் ஊறிப்போகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் கீழே சொல்லப்போகும் படிகளுக்கு விலையுயர்ந்த அட்டை எதுவும் தேவைப்படாது.

விளக்கம் முழுவதற்கும் இரண்டு கற்பனை அணிகளை எடுத்துக்கொள்வோம். சிவப்பு அணி 4-3-3 அமைப்பில் (பின்களம், நடுக்களம், முன்களம் என்ற வரிசையில் வீரர் எண்ணிக்கை), பந்தைத் தன்வசம் வைத்துக் குறும்பாஸ்களால் முன்னேறும். நீல அணி 5-3-2 அமைப்பில் பின்னால் இறங்கி நின்று, பந்து கிடைத்ததும் ஒரே நெடும்பாஸில் முன்களத்தை எட்டப் பார்க்கும். இந்த இரண்டு மனப்போக்குகளும் மோதுவதை இணைய ஆட்டங்களில் நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள்.

முதல் படி: ஐந்து பாணிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

இ-ஃபுட்பாலில் அணியின் ஆட்டப் பாணிகள் ஐந்து. பொசஷன் கேம் என்பது குறும்பாஸ்களால் பொறுமையாக ஆட்டத்தைக் கட்டுவது. குயிக் கவுன்டர் என்பது பந்து கிடைத்த மறுகணமே முன்னோக்கிப் பாய்வதும், பந்தை இழந்தால் அங்கேயே நெருக்கி மீட்க முயல்வதும் ஆகும். லாங் பால் கவுன்டரில் அணி தன் கோல் பக்கமாக இறங்கிக் காத்திருந்து பதிலடி கொடுக்கும். அவுட் வைடு ஓரங்களைப் பயன்படுத்துவது. லாங் பால் என்பது முன்கள வீரரை நோக்கி உயரமாக அனுப்பி, தெறித்து விழும் பந்தைக் கைப்பற்ற முயல்வது. உங்கள் மேலாளருக்கு ஒவ்வொரு பாணியிலும் ஒரு தேர்ச்சி எண் உண்டு. அவருக்கு எது நன்றாக வருமோ அதையே முதலில் கையாளுங்கள். பாணியை வாரத்துக்கொரு முறை மாற்றினால், சக வீரர்கள் எங்கே ஓடுவார்கள் என்ற பழக்கம் உங்களுக்குப் படியாது.

இரண்டாம் படி: முதல் 10 நிமிடங்களைக் கவனிப்பதற்கு ஒதுக்குங்கள்

ஆட்டக் கடிகாரத்தில் 10 நிமிடங்கள் என்பது உண்மை நேரத்தில் மிகக் குறைவு. அதற்குள் கோல் அடித்துவிட வேண்டும் என்று துடிக்காமல், பந்தை உங்கள் பின்கள வீரர்களிடையே சற்றே சுழற்றியபடி, வீரர்களின் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் ரேடார் என்ற சிறு வரைபடத்தைப் பாருங்கள். முதலில், எதிரணியின் தற்காப்பு வரிசை நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறதா, கோல் பெட்டியை ஒட்டி நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். அடுத்து, பந்தை இழந்தவுடன் அவர்கள் துரத்தி வருகிறார்களா, இறங்கிப் போகிறார்களா என்று பாருங்கள். பந்தைப் பிடுங்கியதும் அவர்கள் தரும் முதல் பாஸ் பக்கத்தில் இருப்பவருக்கா, தொலைவில் இருப்பவருக்கா என்பது மூன்றாவது. இந்த மூன்றில் கடைசியானதையே நான் அதிகம் நம்புவேன். வரிசை நிற்கும் இடத்தைப் பாணியும் அமைப்பும் தீர்மானிக்கின்றன, ஆனால் முதல் பாஸை எதிராளியின் கட்டைவிரல் தீர்மானிக்கிறது. அவசரத்தில் மனிதர் தமக்குப் பழகியதையே செய்வார். நீல அணியை ஆடுபவர் இரண்டு முறை பந்தைப் பிடுங்கி, இரண்டு முறையும் இடப்பக்க ஸ்ட்ரைக்கருக்கே (முன்கள வீரருக்கே) நெடும்பாஸ் அனுப்பினால், அவருடைய முக்கிய வழி உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: எந்த இடத்தில் யாருக்கு ஆள் கூடுதல் என்று எண்ணுங்கள்

அமைப்புகளின் எண்களை அருகருகே வைத்தால் மோதலின் வடிவம் புலப்படும். சிவப்பின் 4-3-3, நீலத்தின் 5-3-2 இரண்டிலும் நடுக்களத்தில் மூவருக்கு எதிரே மூவர் நிற்கிறார்கள். அங்கே யாருக்கும் கூடுதல் இல்லை. ஓரங்களில் கதை வேறு. சிவப்பு அணிக்கு ஒவ்வொரு ஓரத்திலும் விங்கரும் (ஓர முன்கள வீரர்) ஃபுல் பேக்கும் (ஓரப் பின்கள வீரர்) என இருவர் இருக்க, நீல அணிக்கு ஓரம் முழுவதும் முன்னும் பின்னும் ஓடும் ஒரே ஒரு விங் பேக்தான் இருக்கிறார். ஆகவே சிவப்பு அணி நெரிசலான நடுப்பகுதியில் முட்டி மோதுவதைவிட, பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் இருவருக்கு ஒருவர் என்ற நிலையை உண்டாக்குவதே லாபம்.

அதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு ஃபுல் பேக்குகளும் ஒரே நேரத்தில் மேலே ஏறிவிட்டால், சிவப்பின் இரண்டு சென்டர் பேக்குகள் (நடுப் பின்கள வீரர்கள்) நீலத்தின் இரண்டு ஸ்ட்ரைக்கர்களைத் தனியாக எதிர்கொள்ள நேரும். நீல அணி காத்திருப்பதே அந்தத் தருணத்துக்காகத்தான். எனவே ஒரு ஃபுல் பேக்கை மட்டும் ஏறவிட்டு, மற்றவரைப் பின்னால் நிறுத்துங்கள். அப்போது பின்னால் மூவருக்கு எதிரே இருவர் என்ற கணக்கு உங்களுக்குச் சாதகமாகும். வீரரின் தனிப் பாணியும் இங்கே முக்கியம். ஏற வேண்டிய பக்கத்தில் ஒஃபென்சிவ் ஃபுல் பேக் வகை வீரரையும், நிற்க வேண்டிய பக்கத்தில் டிஃபென்சிவ் ஃபுல் பேக் வகை வீரரையும் தேர்ந்தெடுங்கள். மொத்தத் திறன் எண் சற்றுக் குறைவாக இருந்தாலும், இடத்துக்குப் பொருந்தும் பாணி கொண்டவரே பயன்படுவார்.

நான்காம் படி: தனிநபர் கட்டளைகளை அளந்து செலவிடுங்கள்

தாக்குதலுக்கு இரண்டு, தற்காப்புக்கு இரண்டு என மொத்தம் நான்கு தனிநபர் கட்டளைகளை மட்டுமே நீங்கள் தர முடியும். புதியவர்கள் பெரும்பாலோர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. திறப்பவர்களும் யாரோ ஒருவர் காணொளியில் காட்டிய கட்டளைகளை அப்படியே இட்டு நிரப்புகிறார்கள். எதிரணியைப் பாராமல் தரப்படும் கட்டளை பெரும்பாலும் வீணாகிறது.

சிவப்பு அணியின் நிலையிலிருந்து பார்ப்போம். நீல அணியின் நெடும்பாஸ் விழும் பகுதி, மேலே ஏறிய ஃபுல் பேக் விட்டுவந்த வெற்றிடம்தான். ஆகவே மற்ற ஃபுல் பேக்குக்கு டிஃபென்சிவ் கட்டளையைத் தந்தால், அவர் தாக்குதலில் அதிகம் கலந்துகொள்ளாமல் தங்கிவிடுவார். நடுக்களத்தின் பின்முனையில் இருப்பவருக்கு ஆங்கரிங் தந்தால், தாக்குதலின்போதும் அவர் தன் இடத்தை விட்டு அலையமாட்டார். அந்த இடத்தில் ஆங்கர் மேன் பாணி கொண்ட வீரர் இருந்தால், இந்தக் கட்டளையைச் செலவிடாமல் வேறொருவருக்காகச் சேமித்துக்கொள்ளலாம்.

நீல அணியின் பக்கம் போனால் கணக்கு மாறுகிறது. அதன் பிழைப்பு முன்னால் நிற்கும் வேகமான ஸ்ட்ரைக்கரைச் சார்ந்திருப்பதால், அவருக்கு கவுன்டர் டார்கெட் கட்டளை பொருந்தும். தற்காப்பின்போது அவர் பின்னால் ஓடிவந்து சோர்ந்துபோகாமல் முன்னாலேயே காத்திருப்பார். சிவப்பு அணியின் பாஸ்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட நடுக்கள வீரர் வழியாகவே செல்கின்றன என்று தெரிந்தால், உங்கள் வீரர் ஒருவர் அவரை விடாமல் பின்தொடரும் மேன் மார்க்கிங் கட்டளையைப் போடலாம். ஆனால் அந்த வீரர் ஓரத்துக்கு நகர்ந்தால் உங்கள் காவலரும் கூடவே இழுபட்டுப் போவார். விவரமறிந்த எதிராளி வேண்டுமென்றே அப்படி நகர்த்தி, நடுவில் கதவைத் திறந்துகொள்வார். ஆகையால் மேன் மார்க்கிங்கை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே போடாமல், அந்த வீரரால் உண்மையில் தொல்லை வருகிறது என்று உறுதியான பிறகு போடுவதே நல்லது.

ஐந்தாம் படி: தற்காப்பில் பின்வரிசையைக் கலைக்காதீர்கள்

வியூகம் எவ்வளவு சரியாக இருந்தாலும், சென்டர் பேக்கை நீங்களே இயக்கிப் பந்தை நோக்கி ஓட்டினால் அது குலைந்துவிடும். பந்து வைத்திருப்பவரை நடுக்கள வீரர் ஒருவரால் எதிர்கொள்ளுங்கள். மேட்ச்-அப் பொத்தானை அழுத்தியபடி அவருக்கும் கோலுக்கும் இடையே நின்று, பாஸ் போகும் பாதையை மறித்தாலே போதும். சக வீரரை நெருக்கச் சொல்லும் பிரஷர் கட்டளையை ஆட்டம் முழுவதும் அழுத்திப் பிடித்திருப்பது புதியவர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம். அது ஒருபுறம் வீரர்களின் தெம்பைக் குடிக்கிறது, மறுபுறம் நெருக்கப் போனவர் விட்டுச்சென்ற இடத்தை எதிராளிக்குப் பரிசளிக்கிறது. எதிரணி வீரர் தன் கோலைப் பார்த்தபடி திரும்பி நிற்கும்போதோ, ஓரக்கோட்டில் ஒதுங்கி மாட்டிக்கொண்டபோதோ மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வேறொரு கால்பந்து வீடியோ விளையாட்டான இ.ஏ. நிறுவனத்தின் ஃபிஃபாவிலிருந்து ஒரு சான்று இங்கே பொருந்தும். 2019 ஆகஸ்டில் லண்டன் ஓ2 அரங்கில் நடந்த ஃபிஃபா இ-உலகக் கோப்பை இறுதியில், முந்தைய ஆண்டின் சாம்பியனான சவூதி அரேபியாவின் மொசாத் அல்தோசாரியை ஜெர்மனியின் முகமது ஹர்கூஸ் இரு ஆட்டங்களின் கூட்டுக்கணக்கில் 3-2 என்று வென்று, 2,50,000 டாலர் பரிசைப் பெற்றார். கண்ணைப் பறிக்கும் ஸ்கில் மூவ்களை (பந்து வித்தைகளை) நம்பாமல், ஒழுங்கான தற்காப்பையும் எளிய பாஸ்களையும் கொண்டு ஆடுபவர் என்று பெயர் வாங்கியவர் அவர். ஸ்கில் மூவ் பயிற்சிக்கு நீங்கள் ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது தற்காப்புக்குத் தாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆறாம் படி: எதிராளியின் மறுமாற்றத்துக்குத் தயாராக இருங்கள்

இடைவேளைக்குப் பிறகே இரு அணிகளின் மோதல் சுவைபடத் தொடங்குகிறது. சிவப்பு அணி வலது ஓரத்தில் இருவருக்கு ஒருவர் என்ற நிலையைப் பயன்படுத்தி முன்னிலை பெற்றுவிட்டது என்று வையுங்கள். நீல அணியை ஆடுபவர் விவரமானவராக இருந்தால், மூன்று சென்டர் பேக்குகளில் ஒருவரை எடுத்துவிட்டு 4-4-2க்கு மாறி, ஓரத்தில் தானும் இருவரை நிறுத்துவார். இப்போது ஓரத்தில் உங்கள் கூடுதல் மறைந்துவிட்டது. ஆனால் நடுக்களத்தில் உங்கள் மூவருக்கு எதிரே அவரிடம் இருவரே இருக்கிறார்கள். அதை உணராமல் பழையபடி ஓரத்துக்கே பந்தை அனுப்புபவர் முன்னிலையைக் கோட்டைவிடுவார். உணர்ந்தவர் தாக்குதலை நடுவுக்குத் திருப்பி, இரண்டு வரிசைகளுக்கும் இடையில் ஓடும் ஹோல் பிளேயர் பாணி வீரரை மாற்று வீரராக இறக்குவார்.

இத்தகைய மாற்றங்களை ஆட்டத்தின் நடுவே பட்டியலைத் திறந்து யோசித்துச் செய்ய நேரம் போதாது. ஆகவே துணை வியூகம் ஒன்றை முன்கூட்டியே அமைத்துவைத்து, அதில் வேறு அமைப்பையும் வேறு கட்டளைகளையும் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் அமைப்பு, பாணி, மூன்று வீரர்கள் என்று எல்லாவற்றையும் மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எந்த மாற்றம் பலித்தது, எது கெடுத்தது என்பது உங்களுக்கே புலப்படாமல் போய்விடும்.

ஏழாம் படி: ஒரே எதிராளியுடன் தொடராக ஆடுங்கள்

முன்பின் அறியாதவர்களுடன் ஒற்றை ஆட்டங்களாக ஆடிக்கொண்டே இருந்தால் வியூகப் போட்டி பழகாது. ஏறத்தாழ உங்கள் தரத்திலேயே ஆடும் நண்பர் ஒருவருடன் மூன்று ஆட்டத் தொடர்களாக ஆடுங்கள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வாங்கிய கோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதற்கு முந்தைய பாஸ் எங்கே புறப்பட்டது, அப்போது உங்கள் பின்முனை நடுக்கள வீரர் எங்கே நின்றார் என்பதை மறு ஒளிபரப்பில் பார்த்து ஓரிரு வரிகளில் குறித்துக்கொள்ளுங்கள். தொடரில் பொதுவாகத் தோற்றவரே அடுத்த ஆட்டத்துக்கு வியூகத்தை மாற்றுவார், வென்றவர் அதையே தொடர்வார். நீங்கள் வென்றிருந்தால், எதிராளி உங்கள் முக்கிய வழியை அடைத்துக்கொண்டுதான் வருவார் என்று எதிர்பார்த்து, இரண்டாவது வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். தோற்றிருந்தால், கோல் வந்த அந்த ஒரு வழியை அடைக்கும் ஒற்றை மாற்றத்தோடு தொடங்கி, மறுபடியும் முதல் 10 நிமிடங்கள் ரேடாரைப் பாருங்கள்.