தாழ்வான கார் ஷெட்டில் ஷட்டர் முழுசாக ஏற: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசலுக்கு மேல் ஓரடிகூட இல்லாத இடத்தில் ஷட்டர் கேட்கிற வீடுகள் கொங்குப் பக்கம் இப்போது அதிகம். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், மாடுகளை விற்றுவிட்டுக் கட்டுத்தரையைக் கார் ஷெட் ஆக்குகிறார்கள். திருப்பூர், அவிநாசிப் பக்கம் வீட்டின் கீழ்த்தளத்தில் பாதி பனியன் கட்டிங், பாதி கார் நிறுத்த. எல்லாவற்றிலும் கூரை தாழ்வு. மாட்டிய ஷட்டர் ஐந்தடி, ஆறடிக்கு ஏறி நின்றுகொள்கிறது. ஆள் குனிந்து போய்விடுகிறார், வண்டி போவதில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகள் மாட்டிய ஷட்டர்களைச் சரி பார்க்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், பழைய ஆட்களான நாங்கள் செய்த அதே தவறுகள்தான் வரிசையாக நடக்கின்றன. டேப்பை நேராகப் பிடி, மட்டம் பார் என்பதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஏணியில் ஏறவே வேண்டாம்.

தரை முடியும் முன் அளவெடுப்பது

கூடாது. கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து மூன்று நான்கு அங்குலத்தைத் தின்றுவிடும்.

காரின் உயரத்தை மட்டும் பார்ப்பது

இன்னோவா கிரிஸ்டாவின் உயரம் 1,795 மி.மீ., ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்கார்ப்பியோ கிளாசிக் 1,995 மி.மீ., ஆறரை அடிக்கு மேல். ஏழடி வாசல் போதுமே என்று தோன்றும். ஆனால் முழுசாகத் திறந்த ஷட்டரிலும் கடைசியில் வரும் அடிப்பட்டையும் கைப்பிடியும் லிண்டலுக்கு (வாசலுக்கு மேலே வரும் குறுக்குக் கட்டைக்கு) கீழே மூன்று நான்கு அங்குலம் தொங்கும். வாசலில் சரிவு இருந்தால், முன்சக்கரம் மேலே ஏறுகிற நேரத்தில் வண்டியின் பின்கூரை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேரியர் வைத்த வண்டியென்றால் கேரியரோடு அளந்து கொள்ளுங்கள்.

வெறும் பைப்பைப் பார்த்து பிராக்கெட் அடிப்பது, அப்புறம் ஸ்பிரிங்கை முறுக்குவது

எனக்கு இன்னும் கோபம் வருகிற தவறு இதுதான். இது இரண்டு தவறு. முதலாவது அளவுப் பிழை, இரண்டாவது அதை மறைக்கச் செய்கிற வேலை.

பைப்பைத் தாங்குகிற பிராக்கெட்டைச் சுவரில் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது பைப்பும், ஷட்டர் சுற்றிக்கொள்கிற புல்லியும் மட்டும். எட்டு அங்குலப் புல்லி என்றால் நடுவிலிருந்து நான்கு அங்குலம். ஐந்தரை அங்குலம் தள்ளி அடித்தால் தாராளம் என்று தோன்றுகிறது. ஷட்டர் ஏற ஏறப் பட்டைகள் அந்தப் புல்லி மேல் சுற்றிக்கொண்டே வரும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

கணக்கு எளிது. ஒரு சுற்றுக்கு முக்கால் அங்குலம் கனம் என்று வையுங்கள். முதல் சுற்று ஏறக்குறைய 27 அங்குல உயரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டாவது 32, மூன்றாவது 37. கூட்டினால் 96 அங்குலம், அதாவது எட்டடி. எட்டடி ஷட்டர் மொத்தமே மூன்று சுற்றுதான். முழுசாகச் சுற்றியபின் சுருளின் அகலம் எட்டிலிருந்து பன்னிரண்டரை அங்குலம் ஆகிவிடும். நடுவிலிருந்து அளந்தால் ஆறேகால். இப்போது அந்த ஐந்தரையைப் பாருங்கள். இரண்டு சுற்று முடிந்து, ஷட்டர் ஐந்தடி ஏறிய இடத்தில் பட்டை லிண்டலை உரச ஆரம்பிக்கும். பைப் நடுவுக்கும் சுவருக்கும் குறைந்தது ஏழு அங்குலம் விட்டிருக்க வேண்டும். மேலே கூரைக்கும் அதே கணக்கு. பட்டையின் கனம் செய்கிற ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அடிக்கும் முன் இரண்டு பட்டையை மடித்துப் பிடித்து நீங்களே அளந்துவிடுங்கள்.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. சுருள் பெரிதாக ஆக ஒரு சுற்றுக்கு அதிக உயரம் போய்விடும். அதனால் எட்டடிக்குப் பதில் பதினொன்றரை அடி ஷட்டர் போட்டாலும் சுருள் ஒன்றரை அங்குலம்தான் கூடும். உயரமான ஷட்டருக்குத்தான் மேலே நிறைய இடம் வேண்டும், தாழ்வான வாசலுக்குக் கொஞ்சம் போதும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

காங்கேயம் பக்கம் ஒரு சாளையில் இப்படி ஐந்தரை அங்குலத்தில் அடித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "ஏனுங்க தம்பி, தோள் வரைக்கும் ஜம்முனு போகுது, அப்புறம் எருமையாட்டம் நின்னுக்குதுங்களே?" மாட்டிய பையன் சொன்ன பதில்: "ரெண்டு சுத்து ஏத்தி விட்டாச் சரியாப் போயிருமுங்க." பைப்பைப் பிராக்கெட்டோடு பிடித்திருக்கும் யூ கிளாம்பைத் தளர்த்தி, பைப் ரெஞ்சால் பைப்பைத் திருப்பி, இரண்டு சுற்று டென்ஷன் ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றே சுற்றில் முடிகிற ஷட்டருக்கு இரண்டு சுற்று கூடுதல். அது எவ்வளவு பெரிய முறுக்கு என்று யோசித்துப் பாருங்கள். ஷட்டர் கீழே இறங்கும்போதுதான் ஸ்பிரிங் இறுகுகிறது. ஏற்கெனவே முறுக்கியதோடு இறங்குகிற மூன்று சுற்றும் சேரும். முதல் சில நாள் ஷட்டர் உரசிக்கொண்டே கொஞ்சம் மேலே போனது, பெயின்ட் கோடு கோடாக உரிந்தது. கீழே இழுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வீட்டு அம்மா முழங்கால் உயரம் வரை இழுத்துவிட்டுக் கை சோர்ந்து விட, ஷட்டர் மேலே பறந்திருக்கிறது. அடிப்பட்டையை மேலே தடுத்து நிறுத்துகிற ஸ்டாப்பர் இருந்திருந்தால் அதோடு நின்றிருக்கும். இரண்டு அங்குல உயரம் கிடைக்கும் என்று அதையும் அந்தப் பையன் அறுத்து எடுத்திருந்தான். அடிப்பட்டை, பட்டை முனைகள் ஓடுகிற பக்கவாட்டுச் சேனலை விட்டு வெளியேறிச் சுருள் மேல் சுற்றிக்கொண்டது. ஏழெட்டுப் பட்டை வளைந்து, ஒரு ஸ்பிரிங்கும் முறிந்தது. அந்த அம்மா முகத்தைப் பின்னால் வைத்திருந்ததால் கைப்பிடி தாடையில் படவில்லை.

கடைசியில் செய்த வேலை என்ன? பிராக்கெட்டை ஒன்றரை அங்குலம் வெளியே தள்ளி அடித்தோம். முதல் நாளே காசில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலை. பட்டை, ஸ்பிரிங், பெயின்ட், ஆள்கூலி என்று வீட்டுக்காரருக்குக் கிட்டத்தட்டப் பாதி ஷட்டர் விலை போய்விட்டது.

ஆகவே ஷட்டர் முழுசாக ஏறவில்லையென்றால் முதலில் கையால் தள்ளி, எப்படி நிற்கிறது என்று பாருங்கள். டக்கென்று ஒரே இடத்தில் மோதி நின்றால் ஏதோ தடுக்கிறது: லிண்டல், கூரை, சுருளை மூடுகிற ஹூட் கவர், சேனலுக்குள் துருத்திய ஒரு போல்ட். பட்டையிலோ கவரின் உள்பக்கத்திலோ பளபளவென்று உரசிய தடம் இருக்கும், டார்ச் அடித்துத் தேடுங்கள். தடையில்லாமல் மேலே போய்விட்டு, விட்டதும் மெதுவாகத் தானாக இறங்கினால்தான் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இடுப்பு உயரத்தில் விட்டால் ஏறாமலும் இறங்காமலும் நிற்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

டென்ஷனில் இருக்கிற பைப்பின் யூ கிளாம்பைத் தளர்த்தும்போது, ரெஞ்சை ஒருவர் பிடித்திருக்க, இன்னொருவர் போல்ட்டைத் திருப்ப வேண்டும். ரெஞ்சுக் கைப்பிடி சுழன்று வரும் பாதையில் யாருடைய தலையும் இருக்கக்கூடாது. வீட்டுக்காரர்கள் இதை முயற்சி செய்ய வேண்டாம்.

சுருளை வாசலுக்குள்ளேயே மாட்டுவது

இடம் இல்லையென்று சுருளை இரண்டு தூணுக்கு நடுவே, லிண்டலுக்குக் கீழே மாட்டினால் வாசல் உயரத்தில் ஓரடி போய்விடும். மாட்டுவதற்கு முன் உள்ளே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலான கான்கிரீட் வீடுகளில் வாசல் பீம் தளத்திலிருந்து ஓரடி போலத் தாழ்ந்திருக்கும். அந்தப் பீமுக்குப் பின்னால், தளத்துக்கு அடியில், சுருளுக்கு இடம் சும்மா கிடக்கும். ஓட்டுக் கொட்டகையில் இது கிடைக்காது, விட்டம் குறுக்கே வரும். அங்கே சுருளை வெளிச்சுவரில் மாட்டி, மேலே தகரக் கவர் போடலாம். சன்ஷேடு இருந்தால் அதன் அடிப்பாகம் எங்கே வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிமாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அகலமான ஷட்டர் உள்பக்கம் வயிறு தள்ளும், பட்டை முனை சேனலை விட்டு வந்துவிடும். அப்புறம் பாதி வழியில் சிக்கும். அங்கே ஆழமான சேனல் போடுங்கள்.

சேனல் வாயை விரிக்காமல் விடுவது

சுருளும் சேனலும் நெருங்கி இருக்கிற தாழ்வான இடத்தில் பட்டை சாய்வாக வந்து நுழையும். சேனலின் மேல்முனையைப் புனல்போல விரித்து விடாவிட்டால் கடைசி ஓரடியில் கடகடவென்று அடிக்கும். ஐந்து நிமிட வேலை.

சேனலில் கிரீஸ்

வேண்டாம். பஞ்சும் மண்ணும் ஒட்டிக் கெட்டியாகிவிடும்.

மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்பது

உரசுகிற ஷட்டரை மோட்டார் இழுத்தால் பட்டை நசுங்கும், இல்லையேல் மோட்டார் சூடேறி நின்றுகொள்ளும். கையால் லேசாக ஏறுகிற ஷட்டருக்குத்தான் மோட்டார். பக்கவாட்டு மோட்டாருக்குச் சுருளின் பக்கத்திலும் இடம் வேண்டும், அது இல்லாத இடத்தில் பைப்புக்குள் போகிற குழாய் மோட்டார் நல்லது. மேல் லிமிட்டை, அதாவது மோட்டார் மேலே தானாக நிற்கிற இடத்தை, அடிப்பட்டை சேனலுக்குள்ளேயே நிற்கிற மாதிரி வையுங்கள். கரண்ட் போனால் கையால் திறக்க வழி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். செயினைக் கையால் இழுத்து ஏற்றுகிற கியர் வேறு விஷயம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஷட்டருக்கு அதைத் தனியாகக் கணக்கிடுகிறது, பத்தடிக்குப் பதினொன்று என்றாலே அந்த அளவு வந்துவிடும்.

செக்ஷனல் கதவு கேட்டால்

கோயம்புத்தூர்ப் புது வீடுகளில் பலகை பலகையாக மடிந்து கூரைக்கு அடியில் படுக்கிற கதவைக் கேட்கிறார்கள். சாதாரணத் தடத்தில் அதற்கும் வாசலுக்கு மேல் 12 முதல் 15 அங்குலம் வேண்டும். இடம் குறைவென்றால் இரட்டைத் தடம் போட்டு, ஸ்பிரிங்கைப் பின்முனைக்குக் கொண்டுபோய் நான்கைந்து அங்குலத்தில் அடக்கலாம். ஆனால் கதவை இழுக்கிற மோட்டாரான ஓப்பனர் வைத்தால் அதன் தண்டுக்கு மேலும் சில அங்குலம் தேவை. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, கதவு முழுசாகத் திறக்காமல் வாசலில் தொங்கும்போது லிமிட்டைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். மேல் பலகையின் உருளை எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள், தடம் மாறி ஏறியிருந்தால் லிமிட்டைத் திருகிப் பயனில்லை.

பத்து அங்குலம்கூட இல்லையென்றால்

ஷட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆர்டர் போனாலும் பரவாயில்லை. நான்கு மடிப்பு இரும்புக் கதவு போடலாம், மேலே இடமே கேட்காது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தால் தரைச் சரிவைப் பார்த்துக் கதவின் அடியை உயர்த்தி அடியுங்கள். அந்தச் சந்தில் பாம்பு வரும் என்று தோட்டத்து வீடுகளில் கட்டாயம் சொல்வார்கள், அடியில் ஒரு ரப்பர் பட்டை வைத்துக் கொடுத்துவிடுங்கள்.