பைபர் படகில் விரிசலா? பூசுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி, உள்ளே மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை தலைகாட்டத் தொடங்கினால் எனக்கு வேலை குவிந்துவிடும். அதுவரை ஆழத்தில் கிடந்த பாறைகள் முழங்கால் அளவு தண்ணீருக்கு வந்து நிற்கும். நாகமரைப் பக்கத்துப் பைபர் படகுகளும் பரிசல்களும் அதில் உரசியும் மோதியும் கரைக்கு வரும்.

படகின் வெளிப்புறத்தில் பளபளக்கும் நிறப் பூச்சுதான் ஜெல்கோட். கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உள்ளே இருக்கும் கண்ணாடி இழைக்குத் தண்ணீர் போகாமல் காப்பது அதுதான். விரிசலைப் பார்த்ததும் மேலே தடவி மறைத்துவிடாதீர்கள். தொழில் தொடங்கிய புதிதில் நான் அப்படிச் செய்து கொடுத்த பரிசல், ஒரே மாதத்தில் அதே கோட்டில் வெடித்துத் திரும்பி வந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல விரிந்திருந்தால் அடிபட்ட இடம். கோடு கோடாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் படகின் பைபர் பலகை அந்த இடத்தில் வளைந்து கொடுக்கிறது என்று பொருள். பிறகு ஐந்து ரூபாய் நாணயத்தால் விரிசலைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். இழை பிரிந்த இடம் ஊறிய கட்டையைத் தட்டியதுபோல 'பொத்' என்று கேட்கும். அந்த எல்லையைப் பென்சிலால் வட்டமிடுங்கள். 'பொத்' என்ற இடம் இருந்தால், பிரிந்த இழையைத் தேய்த்து எடுத்து, ரெசினும் (பிசின்) மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்துக் கட்டிய பிறகுதான் ஜெல்கோட். பலகை வளைகிற இடமென்றால் உள்பக்கம் மேட் வைத்து உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் வெடிக்கும்.

தட்டிப் பார்த்ததில் குறையில்லை என்றால், சாணை பிடித்த பழைய ஸ்க்ரூடிரைவரால் விரிசலைக் கீறித் திறங்கள். மேலே 3 மில்லிமீட்டர் அகலம், கீழே கூர்மை. ஏர் உழுத சால்போல. விரிசல் முடிகிற இடத்தைத் தாண்டி இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகக் கீறுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் அதுவரை போயிருக்கும். ஓரங்களை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு ஏறாமல் வரும்வரை துடைக்க வேண்டும்.

கலவையைக் காலையிலேயே போடுங்கள். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் கலந்தால் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். ஜெல்கோட் 50 கிராமுக்கு, அதைக் கெட்டியாக்கும் திரவமான கேட்டலிஸ்ட் ஒரு மில்லி. ஊசிக்குழாயில் அளந்து எடுங்கள். கெட்டியாவதை விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டரைக் கடையில் தனிப் பாட்டிலில் கொடுத்தால் அதை முதலில் ஜெல்கோட்டில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் கேட்டலிஸ்டை ஊற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் என் பட்டறையில் யாரையும் பாட்டிலைத் தொட விடுவதில்லை.

சாலில் நிரப்பும்போது மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும், காயும்போது சுருங்கும். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அதனால் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் விரலால் நீவிவிடுங்கள்.

மறுநாள் தாளை உரித்து 220, 400, 600, 1000 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் பளபளப்பாக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்டு போடுங்கள். பழைய இடமும் புதிய இடமும் சேரும் கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் 400க்குத் திரும்புங்கள்.