பழைய 911-ஆ, புதிய 911-ஆ?

காரைக்குடிப் பக்கம் பழைய போர்ஷே 911 வாங்க நினைப்பவர்கள், விலைக்கு முன் தலைமுறையைப் பாருங்கள். 997 என்று அழைக்கப்படும் தலைமுறை 2004-இல் வந்தது. அதன் அடிப்படை மாடலான கரேராவின் தொடக்கக் கால என்ஜின்களில், உள்ளே சுழலும் இடைத்தண்டு என்ற தண்டைத் தாங்கும் பேரிங் பழுதாகும் அபாயம் உண்டு. உடைந்தால் என்ஜினே போய்விடும். 2008-இல் வந்த திருத்தப் பதிப்பின் கரேராவில் அந்தத் தண்டே கிடையாது. ஆகவே 997 வாங்குவதானால் பின்னதையே தேடுங்கள். அதில் இன்னும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்தான். சாலையின் ஒவ்வொரு அசைவும் கைக்கு வந்து சேரும். அந்தச் சுகத்துக்காகவே என் ஓட்டு பழையதற்கு.

2011-இல் வந்த அடுத்த தலைமுறையான 991-இல் ஸ்டீயரிங் மின்சாரத்துக்கு மாறியது. ஆனால் கானாடுகாத்தான், பள்ளத்தூர் என ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்கு அதற்கும் அடுத்த தலைமுறையான 992 வசதி. முன்பக்கத்தை உயர்த்தும் அமைப்பைக் கூடுதல் விலைக்குப் பெறலாம். வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசும் பயம் பெருமளவு குறையும். விற்கப்படும் காரில் அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சுவிட்சை அழுத்தியே பாருங்கள்.

பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். வளவு வீட்டுக் கொட்டகையில் நெடுநாள் நின்ற கார் என்றால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரின் பட்டன் (சாலையைத் தொடும் வெட்டுக்கோடுகள்) தேயாமல் பளபளத்தாலும், பத்து வயதான டயரை மாற்றும் செலவைப் பேரத்திலேயே கழித்துவிடுங்கள்.