நிலநடுக்க நிதி திரட்டப் போகிறீர்களா? முதலில் கணக்கு எண்ணைப் பேசுங்கள்

எங்கள் கல்லூரி விடுதியில் நேபாள மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். உதவித்தொகையில் வந்து, சாம்பாருக்குப் பழகி, தமிழில் திட்டவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நேபாளத்தின் கோர்க்கா பக்கம் 7.8 அளவில் பூமி அதிர்ந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் கேள்வி, 'அவன் போன் எடுக்கிறானா?' எடுத்தான். அடுத்தது பணப் பேச்சு. நான் முன்னாள் மாணவர் சங்கத்தின் பொருளாளர், அதற்கு முன் வங்கி ஊழியன். அந்தக் கோணத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

வேண்டுகோள் எழுதுவதற்கு முன், பணம் எந்தக் கணக்கில் விழும் என்று முடிவு செய்யுங்கள். 'என் ஜிபேக்கு அனுப்புங்க, நான் சேர்த்து அனுப்பிடறேன்' என்று ஆர்வத்தில் ஒருவர் கிளம்புவார். நல்ல மனிதர்தான், ஆனால் தடுத்துவிடுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அவருடைய வருமானம். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பதிவு செய்த சங்கமாக இருந்தால் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு, காசோலையில் இருவர் கையெழுத்து. பதிவு இல்லையா? அப்போது வசூலே வேண்டாம். களத்தில் இருக்கும் நம்பகமான ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஆளாளுக்கு நேரடியாக அதற்கே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய ரசீதை மட்டும் குழுவில் போட்டால் போதும், மொத்தம் தெரிந்துவிடும்.

'80ஜி உண்டா?', அதாவது நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை உண்டா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆடிட்டரைக் கேட்காமல் உண்டு என்று சொல்லிவிடாதீர்கள். வரிச்சலுகை பெற்ற அறக்கட்டளை இந்தியாவுக்கு வெளியே செலவு செய்ய மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம் மாதிரி உள்நாட்டுப் பேரிடர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, நேபாளம் என்றால் உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், கிரீன் கார்டு இருந்தாலும் சரி, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் கொடுப்பது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. அவர்கள் அங்கேயே பதிவாகி, நேபாளத்தில் வேலை செய்யும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுக்கட்டும். அங்கே வரிச்சலுகையும் கிடைக்கும். 'நம்ம காலேஜ் கணக்கில் வரலையே' என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், எல்லைக்கு அந்தப் பக்கம் யார் கையில் கொடுப்பது? 2015-ல் நிலநடுக்கம் வந்த அந்த வாரமே, நிவாரணத்துக்கென்று நேபாளத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட கணக்குகளுக்கு வரும் பணமெல்லாம் நேபாளப் பிரதமரின் பேரிடர் நிவாரண நிதிக்குப் போக வேண்டும் என்று அறிவிப்பு வந்து பெரும் குழப்பமாகிவிட்டது. எனவே ஏற்கெனவே பதிவாகி, பழைய கணக்கோடு இயங்கும் அமைப்பைத்தான் பிடிக்க வேண்டும். இதை விசாரிக்க உள்ளூர் நண்பனைவிட நல்ல ஆள் கிடையாது. அவனை ஏஜெண்டாக மட்டும் ஆக்காதீர்கள். அவன் வீட்டுச் சுவரிலும் விரிசல் விழுந்திருக்கும். விசாரிப்பது அவன் வேலை, பணம் போவது அமைப்புக்கு. இந்தியாவிலிருந்து நேபாளத்துக்கு நெஃப்ட் வழியாக அனுப்பும் திட்டம் ஒன்று 2008 முதல் இருக்கிறது. ஆனால் அது வேலைக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காக வந்தது, ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் உண்டு. சங்கப் பணத்துக்கு எந்த வழி என்று வங்கியில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கேட்பது. 'தாராளமாக உதவுங்கள்' என்று எழுதினால் எல்லாரும் கும்பிடு எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஓர் அலகு சொல்லுங்கள். 2015-ல் தற்காலிகக் கூரைக்கு நேபாள அரசு குடும்பத்துக்கு 15,000 நேபாள ரூபாய் கொடுத்தது. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 1.60, பல வருடமாக மாறாத விகிதம். அப்படியென்றால் 9,375 ரூபாய். 'ஒரு வீட்டுக் கூரை 9,375. தனியாக முடியாவிட்டால் அறைத்தோழர்கள் மூன்று பேர் சேர்ந்து போடுங்கள்.' இப்படிக் கேட்டால் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள், போனை எடுத்துப் பேசவும் செய்வார்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒருவர் பொறுப்பேற்றுப் போன் செய்ய வேண்டும். குழுச் செய்தி அறிவிப்புக்குத்தான் ஆகும், வசூலுக்கு ஆகாது. பட்டியலில் பெயர் மட்டும் போடுங்கள், தொகை வேண்டாம். ஐநூறு போட்டவர் லட்சத்துக்குப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தால் அடுத்த முறை ஒதுங்கிவிடுவார்.

பழைய துணி வேண்டவே வேண்டாம். 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது நினைவிருக்கலாம். பொருள் அனுப்பினால் லாரி, சுங்கம், கிடங்கு என்று மூன்று தலைவலி. காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை, அதிலும் 2015-ல் பெரிய விமானங்கள் இறங்கத் தடை போட வேண்டியதாயிற்று. பணமாக அனுப்பினால் பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்வார்கள், அங்கே கடைக்காரருக்கும் வியாபாரம்.

எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடாதீர்கள் என்பது என் பிடிவாதம். 2015-ல் மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி ஆடியது. ஜூனில் மழை. கேமராக்கள் போன பிறகுதான் சிந்துபால்சோக் மலைக் கிராமங்களில் தகரக் கூரைக்கு அலைச்சல் தொடங்கியது. வீடு கட்ட அரசு அறிவித்த 3 லட்சம் நேபாள ரூபாயும் தவணையாகத்தான் வந்தது. பாதியை முதலிலும், மீதியை இரண்டு மாதம் கழித்தும் கொடுப்போம் என்று வேண்டுகோளிலேயே எழுதிவிட்டால் பின்னால் 'பணம் ஏன் தூங்குது?' என்று யாரும் கேட்க முடியாது. பருவத்தையும் பாருங்கள். 2023 நவம்பரில் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் நிலநடுக்கம் வந்து, நள்ளிரவுக்குச் சற்று முன் வீடுகள் இடிந்தபோது, வரப்போவது குளிர்காலம். அங்கே கம்பளிதான் முதல் தேவை.

கணக்கை வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே வடிவத்தில் போடுங்கள்: வந்தது, போனது, வங்கிக் கட்டணம், இருப்பு. தகரம் வாங்கிய பில்லில் கடை முத்திரையும் தேதியும் தெரிய வேண்டும். பெற்றுக்கொண்டவரின் முகம் தெரியும் படம் தேவையில்லை, கேட்கவும் வேண்டாம். வசூல் முடியும் தேதி, மிச்சம் வந்தால் எங்கே போகும் என்ற இரண்டையும் முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் யாராவது '85 பேட்ச்' என்று கல்வெட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். அந்தச் செலவுக்கு இன்னும் எத்தனை தகரம் வாங்கலாம் என்று கூட்டிச் சொல்லுங்கள், அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.