மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிப்பவர்களுக்கு

போன மாதம் ஆழியாறில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வால்பாறையிலிருந்து இறங்கிய கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றதும் பிரேக் கருகிய வாடை குப்பென்று அடித்தது. ஓட்டி வந்த தம்பி முகத்தில் பெருமை. "பாதி தூரம் நியூட்ரல்லயே வந்துட்டனுங்ணா, எப்படியும் அரை லிட்டர் மிச்சம்." நானும் ஒரு காலத்தில் இப்படிப் பீற்றிக்கொண்டவன்தான். டயர் காற்று, ஏர் ஃபில்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

நியூட்ரலில் உருட்டுவது

கார்புரேட்டர் காலத்து யோசனை இது. இப்போதைய வண்டிகளில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு எண்ணெய் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால், இன்ஜின் அணையாமலிருக்க ஐடிலிங்குக்குக் குடித்துக்கொண்டே வரும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கூடுதலாகச் செலவழிக்கிறோம். இதைச் சொன்னால் எவரும் நம்புவதில்லை, அதுதான் எரிச்சல்.

செலவு எண்ணெயோடு நிற்பதுமில்லை. ஆழியாறு சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், எண்ணிக்கை அடிவாரத்திலிருந்து தொடங்கும். ஒருமுறை எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நியூட்ரலில் இறங்கினேன். பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. மூன்றாவது, அப்புறம் இரண்டாவது என்று கியரைத் தட்டி, இன்ஜின் அலற அலற ஒன்பதாவது வளைவில் நிறுத்தினேன். லோம்ஸ் வியூ பாயின்ட். எல்லோரும் ஆழியாறு அணையைப் படமெடுக்க, நான் முன்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். கேனைத் தூக்கியதும் ஒரு பஸ் டிரைவர் கத்தினார்: "சூட்டுல தண்ணி ஊத்தாதீங்க தம்பி, டிஸ்க் கோணிக்கும்!" ஆறுவதற்கு முக்கால் மணி நேரம். பேட், ஆயில் மாற்றிய காசுக்கு இரண்டு முறை வால்பாறை போய் வந்திருக்கலாம்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை ஊன்றியே வராமல், வேகம் கூடும்போது ஒருமுறை நன்றாக அழுத்திவிட்டு எடுங்கள்.

இறக்கத்தில் சாவியை அணைப்பது

இன்ஜின் தரும் உதவி நின்றுபோவதால் நாலு மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பேச்சே வேண்டாம்.

ஏற்றத்தில் பெரிய கியர்

வண்டி திணறி உதறும்போதும் நான்காவதிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் மைலேஜ் வராது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எண்ணெய்தான் கூடப் போகும், இழுவை வராது. வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள். வளைவின் நடுவில் தேடினால் வேகம் செத்து, முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அரை கிளட்ச்

ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தே வண்டியைப் பிடித்து வைப்பவரா? கிளட்ச் பிளேட் என்ன விலை என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்.