காரின் புளோவர் மோட்டார்: பழுதைக் கண்டுபிடித்து நாமே மாற்றுவது எப்படி

கோலாலம்பூரில் மாலை மழை பிடித்துக்கொண்டால் காரின் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிய நேரமே ஆகாது. அப்படி ஒரு மழையில், ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்றிருந்தபோது என் காரில் காற்று அடியோடு நின்றுபோனது. துணியால் துடைக்கத் துடைக்க மறுபடியும் மங்கியது. சன்னலை இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே செந்தூல் வந்து சேர்ந்தேன். காருக்குள் காற்றைத் தள்ளும் விசிறி மோட்டாரான புளோவர் பழுதானால் வியர்ப்பதோடு போவதில்லை, பாதையே தெரியாமல் போகிறது. அதனால்தான் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

அதே அளவுக்கு வற்புறுத்திச் சொல்வது இன்னொன்று: காரணம் தெரியும்வரை புது மோட்டார் வாங்காதீர்கள். என் அத்தானின் காரில் முழு வேகத்தில் மட்டும் காற்று வந்தது. ஒரு பட்டறையில் மோட்டார் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். பணம் போனது, பழுது அப்படியே இருந்தது. கெட்டிருந்தது மோட்டாரைவிட மலிவான ஒரு சிறு பாகம்.

குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்ட கையேடுகளில் இதற்கு ஹீட்டர் புளோவர் என்று பெயர் இருக்கும். குழம்ப வேண்டாம். சூடான காற்றோ ஏர்கான் காற்றோ, இரண்டையும் தள்ளுவது இந்த ஒரே மோட்டார்தான். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், பெரும்பாலான கார்களில் இது இடப்பக்கப் பயணியின் கால்களுக்கு மேலே, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும்.

முதல் படி: கார் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

எந்த வேகத்திலும் காற்று வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் எண் உள்ளதை மட்டும் போடுங்கள். பெரிய எண் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். புதிதாகப் போட்டதும் உடனே எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம் அல்லது ஒயரின் உறை எங்கோ உரசிக் கிழிந்து கார் இரும்பில் பட்டுக்கொண்டிருக்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சைச் சோதியுங்கள். பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முழு வேகத்தில் மட்டும் காற்று வந்து மற்ற வேகங்களில் வராவிட்டால், அநேகமாக ரெசிஸ்டர்தான் போயிருக்கும். குறைந்த வேகங்களில் மின்சாரம் இந்த ரெசிஸ்டர் வழியாகப் போய் மட்டுப்படுகிறது. முழு வேகத்தில் அதைத் தொடாமல் நேராகப் போகிறது. என் அத்தான் காரில் நடந்தது இதுதான். பலர் கவனிக்காத ஒன்றும் இதில் இருக்கிறது. ரெசிஸ்டர் சூடாகும் பொருள். அதைக் குளிரவைப்பது புளோவர் தள்ளும் காற்றே. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் தூசியால் அடைபட்டால் காற்று குறைகிறது, ரெசிஸ்டர் வெந்துபோகிறது. மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து கனமாகச் சுழன்றாலும் அதிக மின்சாரம் இழுத்து ரெசிஸ்டரை எரித்துவிடும். ஆகவே ரெசிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் சில மாதங்களில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள். ஃபில்டரையும் பாருங்கள், மோட்டாரைக் கையால் சுழற்றியும் பாருங்கள். புகைமூட்டம் வந்துபோன ஆண்டுகளில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு விரைவில் கறுக்கும் என்பது தெரியும்.

கீச்சென்ற சத்தம் புஷ் தேய்ந்ததன் அடையாளம். டக்டக்கென்று அடித்தால் உள்ளே இலையோ குச்சியோ விழுந்திருக்கும். அங்சானா மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு இது வழக்கமான தொல்லை. மோட்டாரின் அடிப்பக்கத்தை லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்குகிறதா? மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று ஓடினாலும் நாளை நிற்கும்.

தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு உள்ள பல கார்களில் ரெசிஸ்டர் இருக்காது. அந்த இடத்தில் பவர் டிரான்சிஸ்டர் என்னும் பாகம் வேலை செய்யும்.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நேர்மின்னோட்ட (DC) வோல்ட் அளவில் வையுங்கள். சாவியைத் திருப்பி விசிறியை முழு வேகத்தில் வைத்து, பிளக் மாட்டியபடியே அதன் பின்பக்கமாக ஊசிகளைச் செருகி, மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு இடையே அளவெடுங்கள்.

இரண்டு முனைகளுக்கு இடையே என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு ஊசியை மோட்டார் முனையிலும் மற்றதைக் கார் இரும்பிலும் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். பல ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் மின்சாரம் முதலில் மோட்டாருக்கு வந்து, பிறகு ரெசிஸ்டர், சுவிட்ச் வழியாக எர்த்துக்கு இறங்குகிறது. சுவிட்ச் கெட்டிருந்தாலும் அந்த ஒரு முனையில் 12 வோல்ட் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டுக்கும் இடையே 12 வோல்ட் அளவுக்கு வந்தும் மோட்டார் சுழலாவிட்டால் மோட்டார் கெட்டது உறுதி. மிகக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ இருந்தால் மோட்டாரை விட்டுவிடுங்கள். ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் என்று வழியைத் தேடுங்கள். மல்டிமீட்டரால் ஆம்பியர் அளக்க முயல வேண்டாம். சிறு மீட்டர்கள் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் தாங்கும். புளோவர் அதற்கு மேலும் இழுக்கக்கூடும்.

மூன்றாம் படி: கழற்றுவது

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு 5 நிமிடமாவது காத்திருங்கள். கிளவ் பாக்ஸுக்கு மேலேதான் பயணியின் ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் நிற பிளக் எதையும் தொடக் கூடாது. இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

கிளவ் பாக்ஸைத் திறந்து, இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் பல கார்களில் கீழே இறங்கிவிடும். சிலவற்றில் திருகுகள் இருக்கும். பின்னால் வட்டமான பிளாஸ்டிக் பாகம் தெரியும். அதுதான் மோட்டாரின் அடிப்பக்கம். பிளக்கின் பூட்டை அழுத்தி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று மோட்டாரில் மாட்டியிருந்தால் அதையும் உருவுங்கள். அது மோட்டாரைக் குளிரவைக்கும் குழாய். திரும்ப மாட்ட மறக்கக் கூடாது. பொதுவாக மூன்று திருகுகள் இருக்கும். கடைசித் திருகை எடுக்கும்போது ஒரு கையால் தாங்கிப் பிடியுங்கள், மோட்டார் விசிறியோடு கீழே வந்துவிடும்.

முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். உள்ளே எலி கூடு கட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். குப்பையை வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். கழற்றிய பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். உருகிய பிளக்கில் புது மோட்டாரை மாட்டினால் மறுபடியும் எரியும்.

நான்காம் படி: வாங்குவது

பழைய மோட்டாரைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பிளக்கின் வடிவம், திருகுத் துளைகள், விசிறியின் விட்டமும் உயரமும், சுழலும் திசை ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். இடப்பக்க ஓட்டுநர் கார்களுக்கானது எதிர்த்திசையில் சுழலலாம். அப்படி என்றால் சத்தம் வரும், காற்று வராது. பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய மோட்டார் கிடைக்கும். அங்கும் ஓட்டுநர் வலப்பக்கம்தான் என்பதால் பொருந்த வாய்ப்பு அதிகம். ஆனால் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம்.

ஐந்தாம் படி: மாட்டுவது

உடனே திருகிவிடாதீர்கள். பிளக்கை மட்டும் மாட்டி, பேட்டரியை இணைத்து, விசிறியில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அணைத்து, பேட்டரியை மறுபடியும் கழற்றிவிட்டு உள்ளே ஏற்றுங்கள். திருகுகளை முதலில் கையால் சுற்றிவிட்டு, பிறகு திருப்புளியால் மெதுவாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் புரி அழிந்தால் மோட்டார் ஆடிக்கொண்டே இருக்கும். ரப்பர் குழாய், புது ஃபில்டர், கிளவ் பாக்ஸ் என்று வரிசையாக மாட்டுங்கள். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும்.

பேட்டரியை இணைத்து எல்லா வேகங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு கிளவ் பாக்ஸை மறுபடியும் இறக்கி, மோட்டார் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே முனைகள் தளர்ந்திருக்கின்றன. அந்தப் பிளக்கை மாற்றிவிட்டுத்தான் காரை வெளியே எடுக்க வேண்டும்.