அதிக மின்னோட்ட லீனியர் பவர் சப்ளை: டிரான்சிஸ்டர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் தரும் லீனியர் சப்ளை (மிகுதி வோல்டேஜை டிரான்சிஸ்டரில் வெப்பமாக்கிக் கழிக்கும் வகை) ஒன்றைக் கட்ட முனைவோரில் பலர், 2என்3055 டிரான்சிஸ்டர் 15 ஆம்பியர் தாங்கும் என்று டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் படித்துவிட்டு, இரண்டு போட்டால் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். லீனியர் சப்ளையில் டிரான்சிஸ்டரைக் கொல்வது பெரும்பாலும் ஆம்பியர் அல்ல, வாட். வடிகட்டும் கெப்பாசிட்டரில் முழுச் சுமையின்போது 21 வோல்ட் நிற்கிறது என்றால், 13.8 போக மிச்சமுள்ள 7.2 வோல்ட் 20 ஆம்பியரில் டிரான்சிஸ்டர்களில் 144 வாட் வெப்பமாகிறது.

2என்3055-க்குச் சொல்லப்படும் 115 வாட், அதன் உலோகக் கூடு 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.66 வாட் கழிக்க வேண்டும் என்பதால், கூடு 85 டிகிரியைத் தொடும்போது எஞ்சுவது 76 வாட்தான். இரண்டு டிரான்சிஸ்டர் என்றால் ஒவ்வொன்றின் மீதும் 72 வாட் விழும், அதாவது எல்லையை ஒட்டியே ஓடும். நான்கு என்றால் 36 வாட். அவுட்புட் ஷார்ட் ஆகி, மின்னோட்டம் 20 ஆம்பியரிலேயே நின்றால், முழு 21 வோல்ட்டும் டிரான்சிஸ்டர்கள் மீதே விழுவதால் மொத்த வெப்பம் 400 வாட்டைத் தாண்டிவிடும்; அதை அந்த நான்கும்கூடத் தாங்கா. ஆகவே ஷார்ட்டின்போது மின்னோட்டத்தையே குறைத்துவிடும் ஃபோல்ட்பேக் பாதுகாப்பு இத்தகைய சப்ளைக்குக் கட்டாயம் தேவை.

டிரான்சிஸ்டர்களை நேரடியாக இணையாகப் பூட்டுவதும் தவறு. சூடேறும் டிரான்சிஸ்டரின் பேஸ் (கட்டுப்படுத்தும் முனை), எமிட்டர் (மின்னோட்டம் வெளியேறும் முனை) இரண்டுக்கும் இடையிலான வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் அளவில் இறங்குவதால், அது இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்து மேலும் சூடேறும். ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் சுமை ஓரளவு சமமாகப் பிரியும். இதற்கான செலவு அற்பமே.

பேஸ் மின்னோட்டத்தைக் கணக்கில் கொள்ளாதவர்களும் பலர். 2என்3055-இன் கெயின் (பேஸ் மின்னோட்டத்தைப் பெருக்கும் மடங்கு) 4 ஆம்பியரில் குறைந்தது 20 இருக்கும், ஆனால் 10 ஆம்பியரில் அது 5 வரைகூட இறங்கலாம்; அப்போது இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் சேர்த்து 4 ஆம்பியர் வரை பேஸுக்கே தேவைப்படும். நான்காகப் பிரித்த பிறகும் சுமார் 1 ஆம்பியர் வேண்டும் என்பதால், 150 மில்லிஆம்பியர் மட்டுமே தரும் 723 ஐசியால் (வோல்டேஜை நிலைநிறுத்தும் சிப்) அவற்றைத் தனியாக ஓட்ட முடியாது. இடையே ஒரு டிரைவர் டிரான்சிஸ்டரும் அதற்கென ஒரு ஹீட்சிங்கும் வேண்டும்.

ஸ்விட்சிங் வேலைக்கென்று (முழுதாகத் திறந்து மூடுவதற்கென்று) செய்யப்பட்ட மாஸ்ஃபெட் என்ற வேறுவகை டிரான்சிஸ்டரின் 50 ஆம்பியர், 300 வாட் என்ற எண்களில் மயங்கி அதை இங்கே வைப்பவர்களும் உண்டு. பாதி திறந்த நிலையில் அதன் சிப்பில் சூடான புள்ளிகள் மேலும் மின்னோட்டத்தை ஈர்த்து உருகிவிடக்கூடும். எனவே டேட்டாஷீட்டின் பாதுகாப்பான இயக்க எல்லை வரைபடத்தில் டிசி கோடு (இடைவிடாத மின்னோட்டத்துக்கான எல்லை) இல்லாத மாஸ்ஃபெட்டைத் தொடாமலிருப்பதே நல்லது.

சிறிய சிப் வைத்த போலி 2என்3055-கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. மீட்டரில் அவை நல்லவையாகவே தெரியும். ஆகவே வாங்கிய ஒவ்வொன்றையும் பெரிய ஹீட்சிங்கில் பூட்டி, 10 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடவிட்டு அரை மணி நேரம் சோதித்த பிறகே சப்ளையில் பொருத்த வேண்டும்.